வீரன் கொரல் மட்டும் வேணாம்

ஐயோ இல்லத்தை, உக்காருங்க உக்காருங்க. போலீசு மாத்தா யாரும் மறுபடி ஏறல. நான்தான் அது. எல்லாரும் எறங்கு, மூட்டையத் தூக்குன்னு மலாய்ல கத்துனது நான்தான். ரவாங் செக்கிங்ல நம்ம பையெல்லாம் கொட்டிக் கவுத்தாரே ஒரு தொப்ப மாத்தா, அவரு கொரலு. பாதி மூக்கால, பாதி தொண்டையால, வாயில வெத்தல அதக்கிக்கிட்ட மாரி நெனச்சுக்கணும், அவ்ளோதான். முன்னால பாருங்க, தொப்பி போட்ட ஆளு குடையத் தூக்கிக்கிட்டு பாதிப்படி எறங்கிட்டாரு. கண்டக்டரு அவரப் புடிச்சு உள்ள தள்றாரு. இது வெறும் சுங்கை சோ. பஸ்ஸு ஆளு ஏத்த நிக்குது, அவ்ளோதான்.

திட்டாதீங்கத்தை. நீங்க சிரிச்சத நான் பாத்துட்டேன்லா.

தனியாத்தான் போறேன். பதினஞ்சு முடிஞ்சிருச்சே எனக்கு. அப்பா ரவாங் வரைக்கும் கூட வந்து ஏத்திவிட்டாரு, இந்தக் கண்டக்டரு அவருக்குத் தெரிஞ்சவரு. கெர்லிங்ல எறங்குனா வீரன் மாமா வந்து நிப்பாரு. சொந்தமெல்லாம் இல்ல. நாங்க வேதக்காரங்க, அவங்க மாரியம்மன் கோயிலு. சும்மா மாமான்னு கூப்புட்டுப் பழக்கம். அவரு மக கலாவதின்னு ஒருத்தி, அவளப் பாக்கத்தான் போறேன். கூட்டாளியான்னா... அத என்னன்னு சொல்றது. எங்க வீட்டுல நாலு மாசம் இருந்தா.

என் பேரு முரியல். எங்கப்பா மத்தியாஸ் டிரெசரு. கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குறாரு. யாராச்சும் வயித்து வலின்னு வந்தா, நாக்க நீட்டு, இன்னும் நீட்டு, உள்ள இழுத்துக்கன்னுவாரு. இப்ப பேசுனது அவருதான். நல்லாருக்கா? எங்க தோட்டத்துல நான் எடுக்காத கொரலு இல்லத்தை. துரை, துரையோட நாயி, வேல வாங்குற மண்டோரு, பாதிரியாரு, ஐஸ் விக்கிற சீனரு, எல்லாம் வரும். காலைல வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல மண்டோரு பேர் கூப்புடுவாருல்ல, ஒரு நாளு தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு பன்னெண்டு பேருக்கு நானே இருக்கேன் இருக்கேன்னு பதில் குடுத்தேன். பன்னெண்டு பேரும் மெதுவா டீ குடிச்சிட்டு வந்தாங்க. மண்டோருக்குத் தெரிஞ்சு, அப்பாகிட்ட வந்து நின்னு, அப்பா பெல்ட்ட அவுத்து... அத விடுங்க.

வீரன் மாமா கொரலா? வரும். அதுதான் எனக்கு ரொம்ப நல்லா வரும். வேணாம்த்தை, அது மட்டும் வேணாம். வேற யாரையாச்சும் கேளுங்க.

சங்கத் தலைவரு வேணுமா? எங்க தோட்டத்துல நல்லுதவிச் சங்கம்னு ஒண்ணு இருக்கு. தலைவரு அம்புரோஸ் கிராணி, தோட்டத்து ஆபிஸ்ல கணக்கெழுதுறவரு. எங்கப்பா செயலாளரு. அன்பார்ந்த பெரியோர்களே, அருமைத் தாய்மார்களே, நம்முடைய இந்தச் சங்கமானது... மானதுன்னு வந்தா அப்படியே குதிங்காலத் தூக்கி நிப்பாரு, எட்டிப் பாக்குற மாரி. ஒரு பேச்சுல நாப்பத்தோரு தடவ தூக்குனாரு, நான் எண்ணியிருக்கேன். முந்தியெல்லாம் அந்தச் சங்கத்துக்குப் பாதி வேல கேரம்போர்டு ஆடுறதுதான். மீதிக்கு, புள்ளைங்களுக்குப் பால் மாவு கரைக்கிறது, ஆம்பளைங்களுக்குக் காயத்துக்குக் கட்டுக் கட்டச் சொல்லித் தர்றது, வருசத்துக்கு ஒரு கலைநிகழ்ச்சி. கலைநிகழ்ச்சியில கடைசி ஐட்டம் எப்பவும் நான்தான். முரியலின் பல குரல்னு சாக்குக்கட்டியால போர்டுல எழுதிப் போடுவாங்க. ஜனங்க கீழ விழுந்து சிரிக்கும்.

அப்பறம்தான் போன வருசம் காட்டோரத்து லயம், கூலிக்காரங்க வரிச வீடு, எரிஞ்சது. எல்லாரும் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போன நேரம். யாரு வச்சாங்கன்னு என்னக் கேக்காதீங்க, பஸ்ஸுல அந்தப் பேரெல்லாம் பேசக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு. சர்க்கார எதுத்துக்கிட்டு துப்பாக்கியோட காட்டுக்குள்ள இருக்கவங்கன்னு வச்சுக்குங்களேன். ஏழு குடும்பம் கட்டுன துணியோட வந்து பெரட்டுக் களத்துல குந்திக்கிச்சு. திரும்ப அங்க போய் கட்டிக்கவும் விடமாட்டாங்க. காட்டுக்குள்ள திங்கிற பொருளு எதுவும் போகக்கூடாதாம், இனிமே யாரா இருந்தாலும் முள்ளுக்கம்பி வேலிக்குள்ளதான் இருக்கணும்னு சட்டம். வேலிக்குள்ள வீடு இல்ல.

அப்பத்தான் சங்கம் நெஜமா எந்திரிச்சுச்சு. குத்தம் சொல்லக்கூடாதுத்தை, நல்லாத்தான் செஞ்சாங்க. கமிட்டிக்காரங்க ஏழு பேரும் ஆளுக்கு ஒரு குடும்பத்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஆம்பளைங்க எல்லாம் சேந்து பலகை அறுத்து வேலிக்குள்ள வீடு கட்டுனாங்க. கிராணிகூட வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஆணி அடிச்சாரு. ஆணிய விட வெரலத்தான் கூட அடிச்சாரு. அங்கிட்டு இங்கிட்டு இருக்கிற துரைசானிங்க எல்லாம் மூட்டை மூட்டையா உதவி அனுப்புனாங்க. பிரிச்சுப் பாத்தா தொப்பி, காலுறை, அப்பறம் கழுத்துல கட்டுற டை இருக்குல்ல, அது ஒம்பது. வீடில்லாத ஜனத்துக்கு ஒம்பது டை! கோடு போட்டது, புள்ளி போட்டது, பட்டு. வீரன் மாமா நாலு எடுத்துக்கிட்டாரு. வெறவு கட்டுறதுக்கு.

எங்க வீட்டுக்கு வந்தது அவருதான். அவரு, நல்லம்மாள் அத்தை, கலாவதி, அவ தம்பி செல்லன். செல்லனுக்கு அஞ்சு வயசு, நெஞ்சு எப்பவும் கர்ரு கர்ருன்னும். பின்கட்டு அறைய அவங்களுக்கு ஒழிச்சுக் குடுத்தோம். கலாவதிக்கு மட்டும் அங்க இடம் பத்தலன்னு அம்மா என் கட்டில்ல படுக்க வச்சாங்க.

எங்கம்மா கொரல் கேக்குறீங்களா? எங்கம்மாவுக்கு ரெண்டு கொரல் இருக்குத்தை. ஒண்ணு எனக்கு. ஏய் முரியல், குடத்துல தண்ணி யாரு புடிக்கிறது, இங்கிலாந்து ராணியா? இன்னொண்ணு அவளுக்கு. கலாக்கண்ணு, சாப்டியாம்மா, இங்க வா எண்ண தேய்ச்சுவிடுறேன். எப்படி, ரெண்டும் ஒரே வாயின்னா நம்புவீங்களா? எனக்குச் சட பின்னுனா கயிறு திரிக்கிற மாரி இழுப்பாங்க, கண்ணுல தண்ணி வந்துரும். அவளுக்குப் பின்னும்போது பூத் தொடுக்கிற மாரி வெரலு ஓடும். கிறிஸ்மஸ்ஸுக்குன்னு எனக்கு எடுத்து வச்ச நீலத் துணி. பாவம்டி, அது எல்லாத்தையும் பறிகுடுத்துட்டு வந்திருக்குன்னு சொல்லி அவளுக்குத் தச்சாங்க. அந்த நீலம் எனக்கு எடுப்பா இருக்கும்னு கடையில சொன்னதே அவங்கதான்.

அப்பா சாயந்தரத்துல அவளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தாரு. ஒரு மாசத்துல கடுதாசி எழுதுற அளவுக்கு வந்துட்டா. அப்பா என்னப் பாத்து, நீ எட்டு வருசமா பள்ளிக்கூடம் போற, குரங்கு சேட்டதான் மிச்சம்னாரு. அதச் சொன்ன கொரல மட்டும் நான் எடுக்கமாட்டேன். எடுக்க வரும். எடுக்கமாட்டேன்.

அவ கெட்டவளா இருந்திருந்தா எவ்ளோ நல்லாருந்திருக்கும் தெரியுமா. ஒரு சண்ட போட்டு முடிச்சிருக்கலாம். அவ போடமாட்டா. எம்பங்கு வேலையையும் சத்தமில்லாம செஞ்சு வச்சிருவா. நான் கொரலு எடுத்தா மத்தவங்க எல்லாரையும் விட அவதான் கூட சிரிப்பா, வயித்தப் புடிச்சுக்கிட்டு, போதும்டி முரியலு போதும்டின்னு. ஒருநா நல்லம்மாள் அத்தை முதுகக் காட்டிக்கிட்டு அம்மியில அரைச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் வீரன் மாமா மாரி மொதல்ல ஒரு இருமல் இருமி, புள்ள, கொஞ்சம் டீத்தண்ணி குடு புள்ளன்னேன். அத்தை திரும்பாமலேயே கோப்பைய நீட்டுச்சு. வாங்குன கையப் பாத்துட்டு ஐயோன்னு கத்துச்சு பாருங்க! மாமா வாசல்ல நின்னு சிரிச்சு சிரிச்சு நெஜமாவே இருமல் வந்துருச்சு அவருக்கு. எனக்கு ஒண்ணு ஆயிட்டா இந்தப் புள்ளய வச்சுக் குடும்பத்த ஓட்டிக்கலாம் போலன்னாரு.

ஆமாத்தை, அவ்ளோ நல்லா வரும். வேணாம்னு சொன்னேன்ல.

பொறவு கலைநிகழ்ச்சி வந்துச்சு. வீடு கட்டுறதுக்கு ஆள் சேக்கணும், பலகை சேக்கணும்னு பெருசா வச்சாங்க. பக்கத்துத் தோட்டமெல்லாம் வந்துச்சு, நம்ம பொலிஸ் துரைகூட முன்வரிசையில. போர்டப் பாக்குறேன், முரியலின் பல குரல் ஆறாவதா போட்டுருக்கு. கடைசியில கலாவதி. கிராணிகிட்டப் போய்க் கேட்டேன். குதிங்காலத் தூக்கி, அம்மா முரியல், இந்த வருடமானது சிரிக்கிற வருடமல்லன்னாரு.

அவ மேடையில ஏறி என்ன செஞ்சான்னு நெனக்கிறீங்க? பாடல, ஆடல. எங்கம்மா தச்ச நீலக் கவுனப் போட்டுக்கிட்டு நின்னா. வீட்டுல என்னென்ன இருந்துச்சுன்னு சொன்னா, அவ்ளோதான். ரெண்டு பித்தளக் குண்டான், அம்மா கல்யாணச் சேல, தம்பி சிலேட்டு. மூலையில ஒரு கோழி அடைகாத்துக்கிட்டு இருந்துச்சாம். அது எந்திரிச்சுப் போயிருக்குமா, முட்டமேலயே இருந்திருக்குமான்னு தெரியலன்னு சொல்லிட்டு எறங்கிட்டா.  அப்பறம் பொம்பளைங்க எல்லாம் மூக்குறிஞ்சுற சத்தம். எங்கம்மா முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு அழுதாங்க. எனக்காக எங்கம்மா அழுது நான் பாத்ததில்ல. காய்ச்சல்ல கெடந்தப்பகூட திட்டத்தான் செஞ்சாங்க.

எனக்குக் கை தட்டுனாங்க, தட்டாம இல்ல. மழ விடுற நேரத்துல கூரையிலருந்து சொட்டுமே, அந்த மாரி.

எதுல விட்டேன்? ஆங், வீடு. ஏழு வீடு கட்டப் பாத்தாங்க, பலகை ஆறுக்குத்தான் வந்துச்சு. ஆறு வீடு, ஏழு குடும்பம். எரிஞ்ச லயத்துல இருந்த வரிசப்படி பேர் கூப்புடுறது, கடைசி ஆளு நல்லசாமி அடுத்த வீடு கட்டுற வரைக்கும் பொறுத்துக்கணும்னு முடிவாச்சு. வீரன் மாமாவுக்கு நாலாவது. நாலாம் நம்பர் வீடு எங்க வீட்டுக்கு நேரெதிர். வாசலும் வாசலும் பாத்துக்கிட்டு இருக்கும். அம்மாவுக்கு ஒரே சந்தோசம். போனாலும் எங்க போகப் போறா, கூப்புட்டா கேக்குற தூரம், தெனமும் சட பின்ன இங்கதான வரணும்னாங்க. ரெண்டாவது கொரல்ல.

வீடு குடுக்குற அன்னிக்கு வெள்ளக்கார ஆபிசரு ஒருத்தரு வந்திருந்தாரு, வேலிக்குள்ள ஆள் குடிவைக்கிறது அவரு பொறுப்பு. காலைல அடையாளக் கார்டெல்லாம் பாத்து முடிச்சாச்சு. சாயந்தரம் பேர் கூப்புடுறது மட்டும்தான். ஆனா ஒரு சட்டம் போட்டாரு. பேர் கூப்புட்டா குடும்பத்து ஆம்பள கொரல் குடுக்கணும். பொம்பள கொரலு கணக்கில்ல. மூணு தடவ கூப்புட்டும் ஆம்பள இல்லன்னா ஆளு காட்டுக்குள்ள இருக்கான்னு அர்த்தமாம், பேர அடிச்சிருவாங்களாம். வீரன், வீர்ர்ரன், எங்கே வீர்ரன்? அந்தாளுக்கு அந்த ரகரத்துல நாக்கு வழுக்கிக்கிட்டே போவும்.

மாமா இல்ல. மத்தியானம் செல்லனுக்கு மூச்சு இழுத்துருச்சு, ஒதடு நீலமாயிருச்சு. இது என் மருந்துக்கு அடங்காது, கோலசிலாங்கூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்னு அப்பாவே சைக்கிள எடுத்துட்டாரு. பின்னால மாமா குந்திக்கிட்டாரு. புள்ளய முதுகோட சேத்து அந்த டைய வச்சுக் கட்டிக்கிட்டாரு. கோடு போட்டது ரெண்டு, புள்ளி போட்டது ரெண்டு. புள்ள பொழச்சிருச்சு. ஆனா திரும்பி வரும்போது ரோட்ட மூடிட்டாங்க, எங்கயோ சுட்டாங்களாம். அப்பாவும் மாமாவும் ரோட்டுலயே குந்திக் கெடந்தாங்க.

இங்க மழத் தூறல். மேசைக்கு மேல மட்டும் கித்தான் கட்டியிருக்கு. ஜனமெல்லாம் கயித்துக்கு இந்தப் பக்கம் தலையில சாக்கப் போட்டுக்கிட்டு நிக்குது, யாரு எவருன்னு மூஞ்சி தெரியாது. அந்தாளு தாளப் பாத்துக்கிட்டே கூப்புடுறாரு, தலையத் தூக்கல. பக்கத்துல கிராணி. மூணு பேரு ஆயிடுச்சு. நாலாவது வீரன்.

நல்லம்மாள் அத்தை கத்தப் போச்சு. கலாவதிதான் அது வாயப் பொத்துனா. சும்மா இரும்மா, முரியலு பாத்துக்கும்னு. என் கையப் புடிச்சா. எங்கப்பா மாரி சொல்லுடின்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னாத்தை, அவளுக்கு அதுல சந்தேகமே இல்ல.

நான் என்ன செய்யிறது? தொண்டையத் தொட்டுக் காட்டுனேன். கட்டிக்கிச்சு. மழயில நின்னோம்ல, அதான். வாயத் தெறந்தா காத்துதான் வருது. ரெண்டாவது கூப்புட்டாரு. மொயற்சி பண்ணுடி, மொயற்சி பண்ணுடின்னு என் முதுகத் தடவுறா. மூணாவது கூப்புட்டாரு. அப்பத்தான் அத்தை அலறிக்கிட்டு கயித்துக்குள்ள ஓடுச்சு. அதுக்குள்ள கோடு போட்டாச்சு. கிராணி என்னமோ கெஞ்சுனாரு பாவம், குதிங்காலே தூக்காம. அந்தாளு அடுத்த பேருக்குப் போயிட்டாரு. வீடு நல்லசாமிக்குப் போச்சு. அவங்கள என்னன்னு சொல்றது, ஆறு புள்ளைங்க, அவங்களும் வீடில்லாதவங்கதான.

சாயங்காலம் அப்பா வந்ததும் என்ன நடந்துச்சுன்னு கேட்டாரு. அத்தையும் கலாவும் கிராணி வீட்டுல அழுதுகிட்டு இருந்தாங்க. நான்தான் எல்லாத்தையும் அப்பாவுக்கு அப்படியே காட்டுனேன். அந்தாளு வீர்ர்ரன்னது, கிராணி கெஞ்சுனது, அத்தை அலறுனது எல்லாம். அவங்கவங்க கொரல்லயே...

என்னத்தை, ஏன் அப்படிப் பாக்குறீங்க?

இல்ல... சாயங்காலம்னா, ரொம்ப நேரம் கழிச்சு. சுடுதண்ணி குடிச்சேன் நடுவுல. அப்பா என்னப் பாத்துக்கிட்டே இருந்தாரு, எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. அதுலருந்து அவரு என்னத் திட்டறதுமில்ல.

அப்பறம் என்ன. வீடு குடுத்ததுலருந்து ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம்தான்னு ரேசன் அரிசிக்குத் தல எண்ணுறாங்கள்ல, பேர அடிச்ச குடும்பத்த எங்க வீட்டுல வச்சுக்க முடியல. சங்கம் மனு மேல மனு போட்டுச்சு. ஒரு வாரத்துல லோரி வந்து நின்னுச்சு. கெர்லிங்ல மாமாவுக்கு அண்ணன் இருக்காரு, அவரு லயத்துல ஒரு மூலை. அம்மா லோரி மறையிற வரைக்கும் வாசல்லயே நின்னாங்க. நான் நெனச்சேன், சரி, இனிமே எனக்குப் பூத் தொடுக்கிற மாரி பின்னுவாங்கன்னு. பின்னவே இல்லத்தை. நீயே பின்னிக்கன்னுட்டாங்க. இதோ பாருங்க, கோணலா இருக்கா?

இது பத்தாங்காலி தாண்டிருச்சா? உலு யாம் ரோடு அங்கதான பிரியும். அப்ப இன்னும் கொஞ்ச தூரம்தான்.

போன வாரம் கடுதாசி வந்துச்சு. பையிலதான் இருக்கு, படிக்கட்டுமா? எங்கப்பா எழுத்து மாரியே குண்டு குண்டா இருக்கும் அவ எழுத்து. அன்புள்ள முரியலுக்கு. இங்கே பெரியப்பா வீட்டில் பதினோரு பேர் இருக்கிறோம். தம்பிக்கு மறுபடி இழுப்பு. சிரிக்கவே மாட்டேன் என்கிறான். நீ ஒரு தடவை வந்து எல்லாக் குரலும் செய்து காட்டு. கிராணி குரல், மண்டோர் குரல். எங்கள் அப்பா குரல் கட்டாயம். அப்பா பக்கத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும், அதுதான் வேடிக்கை. நீலக் கவுனை மடித்து வைத்திருக்கிறேன். அது உன் துணி என்று அம்மா அப்போதே சொன்னார்கள். வரும்போது எடுத்துக்கொள்.

அப்பறம் கீழ ரெண்டு வரி இருக்கு. இருங்க, பஸ்ஸு ஆடுது, எழுத்து தெரியல.

இல்ல, படிச்சிட்டேன். முந்தியே படிச்சதுதான், கேளுங்க.

உன் தொண்டை சரியாகிவிட்டதா? அன்றைக்குப் பேச முடியாமல் நீ எவ்வளவு கஷ்டப்பட்டாய் என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சுக்கும் மிளகும் இடித்து வைத்திருக்கிறோம்.

அதோ, கெர்லிங் வந்துருச்சு. கடையோரம் ஒல்லியா நிக்கிறாரு பாருங்க, கோடு போட்ட டையால வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டு. அவருதான் வீரன் மாமா. கையக் காட்டுறாரு. இருமுறாரு.

என்னது இது, இஞ்சி முட்டாயா? இத எப்படித்தை செக்கிங்ல தப்பிச்சுக் கொண்டாந்தீங்க? ஜாக்கெட்டுக்குள்ளயா! ஐயோ, நீங்க என்ன விட மோசம்லா.

வேணாம்த்தை, நீங்களே வச்சுக்குங்க. கொரலு கம்முது, அவ்ளோதான். என் தொண்டைக்கு ஒண்ணுமில்ல.

அன்னிக்கும் ஒண்ணுமில்ல.